வருமான வரி நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது? – வாசகர் கேள்வி-பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, ஏறக்குறைய ஒரே வாக்கியத்துடன் தொடங்குகின்றன: "நோட்டீஸ் வந்து சில மாதங்கள் ஆகிவிட்டன, என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துவிட்டேன்." இந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. வருமான வரிச் சட்டத்தில் அநேகமாக எல்லாச் சிக்கலுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடுவும் இருக்கிறது. வரியால் நொந்தவர்களைக் காட்டிலும், கெடுவைத் தவறவிட்டதால் நொந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே இம்முறை நோட்டீஸ், நிலுவை, திருத்தம் ஆகியவை தொடர்பான கேள்விகளுக்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

ஒரு விளக்கத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. எனினும் 2025-26 நிதியாண்டிலும் அதற்கு முன்பும் ஈட்டிய வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். இப்போது தாக்கல் செய்யப்படும் கணக்குகள் 2025-26க்கு உரியவை என்பதால், கீழே நான் குறிப்பிடும் பிரிவு எண்கள் அனைத்தும் பழைய சட்டத்தின் எண்களே.

கேள்வி: ஐயா, 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு நிறுவனத்தில் மாதம் 1 லட்சம் ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்தேன். அக்டோபரில் வேறொரு நிறுவனத்துக்கு மாறினேன். அங்கே மாதம் 1.5 லட்சம். இரண்டு இடங்களிலும் டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் வரி) பிடிக்கவில்லை. 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால்தான் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது ரிட்டர்னை (வருமான வரிக் கணக்கை) நிரப்பினால் 97,500 ரூபாயும் அதற்கு மேல் வட்டியும் கட்டச் சொல்கிறது. இணையதளக் கணக்கில் ஏதேனும் பிழை இருக்குமா?
– மென்பொருள் துறையில் பணிபுரியும் வாசகர்

பதில்: பிழை இல்லை, அந்தக் கணக்கு சரியானதே. எப்படி வந்தது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன், ஏனெனில் வேலை மாறும் பலர் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

உங்கள் முதல் நிறுவனம், ஆண்டு முழுவதும் நீங்கள் அங்கேயே இருப்பீர்கள் என்று கருதி 12 லட்சத்தை ஆண்டு வருமானமாக எடுத்துக்கொண்டது. அதில் நிலையான கழிவு 75,000 ரூபாயைக் கழித்து 11,25,000 என்று கண்டு, தள்ளுபடியால் வரி இல்லை என முடிவு செய்தது. இரண்டாவது நிறுவனம் தான் தந்த 9 லட்சத்தை மட்டும் பார்த்து, அதிலும் ஒருமுறை 75,000 ரூபாயைக் கழித்து, அங்கேயும் வரி இல்லை என்று கண்டது. இரு நிறுவனங்களும் தத்தம் அளவில் சரியாகத்தான் கணக்கிட்டன. ஆனால் சட்டம் உங்களைப் பார்ப்பது ஒரே மனிதராக, ஒரே பான் எண்ணாக. மொத்தச் சம்பளம் 15 லட்சம். நிலையான கழிவு ஒரே ஒரு முறைதான். ஆக வரிக்குரிய வருமானம் 14,25,000 ரூபாய்.

"12 லட்சம் வரை வரி இல்லை" என்ற பேச்சே பலரைக் குழப்பிவிட்டது. புதிய வரி முறையில் அடிப்படை விலக்கு வரம்பு 4 லட்சம் மட்டுமே. வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், கணக்கிட்ட வரியை 87ஏ பிரிவின்படி 60,000 ரூபாய் வரை தள்ளுபடி செய்கிறார்கள். 12 லட்சத்தைச் சற்றே தாண்டியவர்களுக்கு மட்டும் ஓரளவு நிவாரணம் உண்டு. உங்களைப் போல நன்றாகத் தாண்டியவர்களுக்கு 4 லட்சத்திலிருந்தே வரி ஏறத் தொடங்கும். 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதப்படி 20,000. 8 முதல் 12 லட்சம் வரை 10 சதவீதப்படி 40,000. மீதமுள்ள 2,25,000 ரூபாய்க்கு 15 சதவீதப்படி 33,750. ஆக 93,750 ரூபாய். அதற்கு 4 சதவீதக் கூடுதல் தீர்வை 3,750 சேர்த்தால் 97,500 ரூபாய்.

பிடித்தம் போக எஞ்சிய வரி 10,000 ரூபாயைத் தொட்டாலே ஆண்டுக்குள் நான்கு தவணைகளில் முன்கூட்டிய வரி செலுத்தியிருக்க வேண்டும் என்பதால்தான் வட்டி வருகிறது. ஜூலைக்குள் கட்டிவிட்டால் 234பி பிரிவின்படி நான்கு மாதங்களுக்கு 3,900 ரூபாயும், தவணைகளைத் தவறவிட்டதற்காக 234சி பிரிவின்படி ஏறக்குறைய 4,900 ரூபாயும் ஆகும். இதைச் சுயமதிப்பீட்டு வரியாகச் செலுத்தி, அந்தச் செலான் எண்ணை ரிட்டர்னில் சேர்த்த பிறகு தாக்கல் செய்யுங்கள்.

பழைய வரி முறைக்கு மாறினால் குறையுமா என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும் என ஊகிக்கிறேன். உங்கள் சம்பளத்துக்கு, பழைய முறையின் நிலையான கழிவான 50,000 ரூபாய் போக, வீட்டு வாடகைப்படி, 80சி முதலீடுகள், வீட்டுக்கடன் வட்டி, மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்ந்து 5,43,750 ரூபாயைத் தாண்டினால் மட்டுமே பழைய முறை லாபம். அவ்வளவு கழிவுகள் உண்மையாகவே உங்களுக்கு இருந்தால், ஜூலை 31க்குள் தாக்கல் செய்யும் ரிட்டர்னிலேயே பழைய முறையைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்; கெடு கடந்து தாக்கல் செய்பவருக்கு அந்தத் தெரிவு கிடையாது.

வேலை மாறும்போது முந்தைய சம்பள விவரத்தையும் பிடித்த வரியையும் படிவம் 12பி மூலம் புதிய நிறுவனத்திடம் கொடுத்திருந்தால், இந்தத் தொகை ஆறு மாதச் சம்பளத்தில் சிறிது சிறிதாகப் பிடிக்கப்பட்டு, வட்டி இல்லாமலே முடிந்திருக்கும். பணியில் சேரும் நாளன்று நீட்டப்படும் காகிதக் கட்டில் அந்தப் படிவத்தை மட்டும் வெறுமையாக விட்டுக் கையெழுத்திடுவோர் மிகப் பலர்.

கேள்வி: நான் வேலை செய்த சிறு நிறுவனம் 2024-25இல் என் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் 7,500 ரூபாய் வீதம் 90,000 ரூபாயை வருமான வரி என்று பிடித்தது. பிடித்த வரிக்குச் சான்றான படிவம் 16 தரவே இல்லை. நிறுவனத்தையும் மூடிவிட்டார்கள். நான் ரிட்டர்னில் பிடித்தத்தைக் காட்டியிருந்தேன். இப்போது அந்த 90,000 ரூபாயையும் வட்டியையும் நானே கட்ட வேண்டும் என்று 143(1) அறிவிப்பு வந்திருக்கிறது. ஒரே வரியை இரண்டு முறை கட்டுவதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கட்ட வேண்டியதில்லை. இதை உறுதியாகச் சொல்லக் காரணம், சட்டத்தின் 205ஆவது பிரிவு. ஒருவருடைய வருமானத்திலிருந்து மூலத்தில் வரி பிடிக்கப்பட்டுவிட்டால், பிடிக்கப்பட்ட அந்த அளவுக்கு அவரிடமிருந்து நேரடியாக மீண்டும் வரி கேட்கக் கூடாது என்று அப்பிரிவு தெளிவாகத் தடை விதிக்கிறது. பிடித்த பணத்தை அரசுக்குச் செலுத்தாதது நிறுவனத்தின் குற்றம். அதை வசூலிக்க வேண்டியதும் அந்த நிறுவனத்திடமிருந்துதான். மத்திய நேரடி வரிகள் வாரியமே 2015 ஜூன் 1 அன்றும், பிறகு 2016 மார்ச் 11 அன்றும் தன் அதிகாரிகளுக்கு இதை எழுத்து வடிவில் நினைவூட்டியிருக்கிறது.

அப்படியானால் நோட்டீஸ் ஏன் வந்தது? உங்கள் ரிட்டர்னைச் சரிபார்ப்பது பெங்களூருவில் உள்ள மையச் செயலாக்க மையத்தின் கணினி. அதற்குத் தெரிந்ததெல்லாம், உங்கள் பான் எண்ணுக்கு எதிராக 26ஏஎஸ் படிவத்தில் எவ்வளவு வரவு பதிவாகியிருக்கிறது என்பது மட்டுமே. அங்கே பூச்சியம் இருந்தால், நீங்கள் காட்டிய 90,000 ரூபாயை அது ஏற்காமல் நிலுவையாக்கிவிடும். உங்கள் சம்பளச் சீட்டை அந்தக் கணினி பார்த்ததில்லை. அதைப் பார்க்கவைக்கும் வேலை உங்களுடையது.

ஆகவே சான்றுகளைத் திரட்டுங்கள். பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளையும் எடுங்கள். அவற்றின் வலப்பக்கத்தில் பிடித்தங்கள் என்ற தலைப்பின் கீழ், வருங்கால வைப்பு நிதிக்கு அடுத்த வரியில் "வருமான வரி 7,500" என்று இருக்கும். அந்தந்த மாத வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து, சம்பளச் சீட்டில் உள்ள நிகரத் தொகைதான் வங்கியில் வரவாகியிருக்கிறது என்பதை ஒரு பேனாவால் வட்டமிட்டுக் காட்டுங்கள். இந்த இரண்டு தாள்களும் ஒன்றோடொன்று பொருந்துவதுதான் உங்கள் வழக்கின் உயிர். பணி நியமன ஆணையும், படிவம் 16 கேட்டு நிறுவனத்துக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களும் இருந்தால் அவற்றையும் சேருங்கள். இதுவரை கேட்டு எழுதவில்லை என்றால், நிறுவனம் மூடியிருந்தாலும் பரவாயில்லை, உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் இன்றே ஒரு கடிதம் அனுப்புங்கள். அது திரும்பி வந்தால் அந்த உறையும் சான்றுதான்.

பிறகு வருமான வரி இணையதளத்தில் நிலுவைத் தொகைக்குப் பதில் அளிக்கும் பகுதிக்குச் சென்று, நிலுவையை ஏற்கவில்லை என்பதைத் தேர்ந்தெடுத்து, காரணத்தைப் பதிவு செய்யுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் பான் எண் எந்த மதிப்பீட்டு அதிகாரியின் ஆளுகைக்குள் வருகிறது என்பதை அதே தளத்தில் பார்த்து, அவருக்கு 205ஆவது பிரிவையும் வாரியத்தின் இரு அறிவுறுத்தல்களையும் குறிப்பிட்டு, சான்றுகளின் நகல்களுடன் மனு கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். மூலத்தில் பிடித்த வரியைக் கவனிக்கும் பிரிவு அதிகாரிக்கும் நிறுவனத்தின் மீது புகார் அனுப்புங்கள். பிடித்த வரியைச் செலுத்தாதவர் மீது குற்ற வழக்குத் தொடரவும் சட்டத்தில் இடமுண்டு.

ஒரு விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. வசூலிக்கத் தடை இருந்தாலும் அந்த நிலுவை கணினிப் பதிவில் தொடர்ந்து நிற்கும். அடுத்த ஆண்டு உங்களுக்கு ரீஃபண்ட் வர வேண்டியிருந்தால், அதிலிருந்து இந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளப் போவதாக 245ஆவது பிரிவின் கீழ் ஓர் அறிவிப்பு வரும். அதற்குப் பதில் தர 21 நாட்கள்தான். அந்த நாட்களில் நீங்கள் மௌனமாக இருந்தால், ஒப்புக்கொண்டதாகவே கருதிப் பணத்தைக் கழித்துவிடுவார்கள். கழித்த பிறகு திரும்பப் பெறுவது பெரும்பாடு. இனி எந்த நிறுவனத்தில் வேலை பார்த்தாலும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து, சம்பளத்தில் பிடித்தது அங்கே வந்து சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: என் கணவர் கடந்த நவம்பரில் காலமானார். அவர் பெயருக்கு, 2023-24ஆம் ஆண்டுக்கு 38,000 ரூபாய் நிலுவை என்று இப்போது ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. அவர்தான் எல்லாக் கணக்கையும் பார்த்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் தெரியாது. இறந்தவருக்கு வரி உண்டா? நான் என் கையிலிருந்து கட்ட வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: அம்மா, உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள். இந்த நிலையில் இப்படி ஒரு கடிதம் வருவது எவ்வளவு கலக்கத்தைத் தரும் என்பது புரிகிறது. ஆனால் நீங்கள் அஞ்சும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

159ஆவது பிரிவின்படி, இறந்தவர் செலுத்த வேண்டியிருந்த வரிக்கு அவருடைய சட்டப்பூர்வ வாரிசு பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பொறுப்பு, அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து எவ்வளவு செலுத்த முடியுமோ அந்த அளவோடு நின்றுவிடும். உங்கள் சொந்தச் சம்பாத்தியத்துக்கும் நகைகளுக்கும் அது நீளாது. நிலுவை சரிதானா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அதற்கு, வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணைக் கொண்டு உள்ளே நுழைந்து, கணவரின் சட்டப்பூர்வ வாரிசாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இருவரின் பான் அட்டை நகல்கள் ஆகியவை தேவைப்படும். ஒப்புதல் கிடைத்தபின் அவருடைய பழைய ரிட்டர்ன்களையும், 26ஏஎஸ் படிவத்தையும், அந்த நிலுவை எப்படி எழுந்தது என்பதையும் நீங்கள் பார்க்க முடியும். பிடித்தம் ஏதேனும் வரவு வைக்கப்படாமல் விடுபட்டிருந்தால், 154ஆவது பிரிவின் கீழ் திருத்தம் கோரினாலே நிலுவை நீங்கிவிடலாம்.

இன்னொரு கடமையும் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் அவர் மறைந்த நாள் வரை அவருக்கு வந்த வருமானத்துக்கு, வாரிசு என்ற முறையில் அவர் பெயரில் நீங்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டியிருக்கலாம். ஆண்டின் ஒரு பகுதிதான் வாழ்ந்தார் என்பதற்காக விலக்கு வரம்பு குறையாது. அந்த நாளுக்குப் பிறகு வரும் வைப்பு நிதி வட்டி உங்களைப் போன்ற வாரிசுகளின் வருமானமாகும். அவர் மறைவால் கிடைக்கும் வழக்கமான ஆயுள் காப்பீட்டுத் தொகைக்கு வரி இல்லை. குடும்ப ஓய்வூதியம் வந்தால், அது சம்பளத் தலைப்பில் வராது; "பிற வருமானம்" என்ற தலைப்பில் காட்டி, புதிய வரி முறையில் அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதைக் கழித்துக்கொள்ளலாம்.

கணவரின் வங்கிக் கணக்குகளை அவசரப்பட்டு மூடிவிட வேண்டாம். அந்தக் கணக்குகளின் அறிக்கைகளைப் பெற்று வைத்துக்கொண்டபின் மூடுங்கள். நோட்டீசுக்குப் பதிலாக, அவர் மறைந்த செய்தியை இறப்புச் சான்றிதழுடன் இப்போதே தெரிவித்துவிடுங்கள். மற்றவற்றுக்கு அதன்பின் சிறிது அவகாசம் கேட்கலாம்.

கேள்வி: அலுவலகத்தில் பலர் ஓர் இடைத்தரகர் மூலம் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்கினார்கள். நானும் 2023-24க்கு அவரிடம் கொடுத்தேன். 52,000 ரூபாய் வந்தது. ஒரு பங்கை அவர் எடுத்துக்கொண்டார். நான் கொடுக்காத அரசியல் கட்சி நன்கொடையையும், இல்லாத கல்விக்கடன் வட்டியையும் அவர் காட்டியிருப்பது இப்போதுதான் தெரிந்தது. கழிவுகளைச் சரிபார்க்கும்படி துறையிடமிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. நான் செய்யாத தவறுக்கு நான் பொறுப்பா?
– தனியார் நிறுவன ஊழியர்

பதில்: பொறுப்புதான். இதை மென்மையாகச் சொல்ல வழியில்லை. ரிட்டர்னைச் சரிபார்க்க உங்கள் கைபேசிக்கு ஆறு இலக்க ஓடிபி ஒன்று வந்ததும், அதை நீங்கள் அவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியதும் நினைவிருக்கும். அதுதான் உங்கள் கையெழுத்து. "இதில் உள்ளவை அனைத்தும் உண்மை" என்ற உறுதிமொழியின் கீழ் நீங்கள் இட்ட கையெழுத்து அது. தரகரின் பெயர் அந்த ஆவணத்தில் எங்கும் இருக்காது.

ஆனால் இன்னும் கதவு திறந்திருக்கிறது. திருத்திய ரிட்டர்ன் போடும் காலம் 2025 ஜனவரி 15 அன்றே முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பது 139(8ஏ) பிரிவின் கீழான புதுப்பித்த ரிட்டர்ன். மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் ஈட்டிய நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்ததிலிருந்து 48 மாதங்கள் வரை இதைத் தாக்கல் செய்யலாம். ஆனால் தாமதத்துக்கு ஏற்ப, செலுத்த வேண்டிய வரி, வட்டி ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் 25, 50, 60, 70 சதவீதம் எனக் கூடுதல் வரி ஏறிக்கொண்டே போகும். 2023-24க்கு 25 சதவீதத்தில் முடிக்கும் வாய்ப்பு 2026 மார்ச் 31 அன்று முடிந்துவிட்டது. இப்போது 50 சதவீதம். அதுவும் 2027 மார்ச் 31 வரைதான். வரியும் வட்டியும் சேர்ந்து 65,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கூடுதல் வரி 32,500 ரூபாய்.

இது வலிக்கும் தொகைதான். இதைச் செய்யாமல் இருந்து, துறை தானாகக் கண்டுபிடித்தால், தவறான தகவல் தந்ததற்காக 270ஏ பிரிவின்படி வரியின் 200 சதவீதம், அதாவது உங்கள் விஷயத்தில் 1,04,000 ரூபாய், வரிக்கும் வட்டிக்கும் மேல் அபராதமாக வரும். மேலும், அந்த ஆண்டுக்கான மதிப்பீட்டு நடவடிக்கை முறைப்படி தொடங்கிவிட்டால் நிலைமை இன்னும் கடினமாகிவிடும். இப்போது வந்திருக்கும் குறுஞ்செய்தி அத்தகைய நடவடிக்கை அன்று. முந்திக்கொள்ள உங்களுக்குத் தரப்பட்ட அவகாசம். ஒரு தகுதி பெற்ற ஆடிட்டரிடம் இந்த வாரமே செல்லுங்கள். உங்கள் இணையதளக் கடவுச்சொல்லையும், அதில் பதிவாகியுள்ள கைபேசி எண், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு ஆகியவற்றையும் அதற்கு முன் சரிபார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்; தரகர்கள் தங்கள் மின்னஞ்சலையே பதிவு செய்து வைப்பதால், நோட்டீஸ்கள் உரியவரின் கண்ணுக்குப் படாமலே போய்விடுகின்றன.

கேள்வி: நானும் என் தம்பியும் தந்தை வழி வந்த மனையை 2025-26இல் 40 லட்சம் ரூபாய்க்கு விற்றுப் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டோம். ஏஐஎஸ் அறிக்கையில் இருவருக்கும் தனித்தனியே 40 லட்சம் என்று காட்டுகிறது. அதன்படிதான் வரி கட்ட வேண்டுமா?
– சிறு வணிகர்

பதில்: வேண்டியதில்லை. ஏஐஎஸ் என்பது பிறர் உங்களைப் பற்றித் துறைக்குத் தந்த தகவல்களின் தொகுப்பு. அதுவே தீர்ப்பு அன்று. பத்திரப் பதிவில் விற்றவர் இருவர் என்றால், முழுத்தொகையும் இரு பான் எண்களிலும் ஏறிவிடுவது உண்டு. அந்தப் பதிவின் அருகிலேயே கருத்துத் தெரிவிக்கும் வசதி இருக்கிறது. தகவல் முழுமையாகச் சரியில்லை என்று தேர்ந்தெடுத்து, உங்கள் பங்கு 20 லட்சம் என்று பதியுங்கள். உங்கள் தம்பியும் அதையே செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் முரண்பாடு அப்படியே நிற்கும்.

ரிட்டர்னில் உங்கள் பங்கான 20 லட்சத்தை மூலதன ஆதாயத்தில் காட்டுங்கள். மனை வழிவழியாக வந்தது என்பதால், அதை முதலில் வாங்கியவர் கொடுத்த விலையில் உங்கள் பங்கைக் கழிக்கலாம். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கப்பட்டதானால், அன்றைய சந்தை மதிப்பை, வழிகாட்டி மதிப்பைத் தாண்டாத அளவுக்கு, எடுத்துக்கொள்ளலாம். பணவீக்கச் சரிகட்டல் இன்றி 12.5 சதவீதம், சரிகட்டலுடன் 20 சதவீதம் ஆகிய இரண்டையும் போட்டுப் பார்த்து, குறைவான வரியைச் செலுத்தலாம். புதிய வரி முறையில் இந்த ஆதாயத்துக்கு 87ஏ தள்ளுபடி பொருந்தாது. மற்ற வருமானம் குறைவு, மொத்தம் 12 லட்சத்துக்குள்தான் என்று எண்ணி இதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஆசிரியையாக இருந்த எனக்கு முந்தைய ஆண்டுகளின் சம்பள நிலுவை 2024-25இல் மொத்தமாக வந்தது. நிலுவை ஒரே ஆண்டில் சேர்ந்து வந்ததால் கூடிய வரிக்கு, 89ஆவது பிரிவின்படி நிவாரணம் கோரியிருந்தேன். அதை ஏற்காமல் நிலுவை போட்டிருக்கிறார்கள்.
– ஓய்வு பெற்ற ஆசிரியை

பதில்: இந்த நிவாரணத்துக்கான படிவம் 10இ-ஐத் தாக்கல் செய்யாமல் ரிட்டர்னில் மட்டும் நிவாரணத்தைக் காட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், இந்த மறுப்புக்கு வழக்கமான காரணம் அதுவே. இப்போது அந்தப் படிவத்தை இணையதளத்தில் தாக்கல் செய்துவிட்டு, 154ஆவது பிரிவின் கீழ் திருத்த மனு போடுங்கள். உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்ததிலிருந்து நான்கு ஆண்டுகள் வரை அதற்குக் காலம் உண்டு. உங்கள் மனு மீது ஆறு மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டிய கடமை துறைக்கும் இருக்கிறது.

கேள்வி: வரித்துறையிலிருந்து வந்ததாக ஒரு மின்னஞ்சல்; இணைப்பைச் சொடுக்கி வங்கி விவரம் தந்தால் ரீஃபண்ட் வரும் என்கிறது. உண்மையானதா என்று எப்படி அறிவது?
– கல்லூரி மாணவர்

பதில்: சொடுக்க வேண்டாம். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஆவண அடையாள எண் உண்டு. இணையதளத்தின் முகப்பிலேயே, உள்ளே நுழையாமலே, அந்த எண்ணைக் கொடுத்துக் கடிதம் மெய்யானதா என்று பார்க்கலாம். அட்டை எண்ணையோ ரகசியக் குறியீட்டையோ ஓடிபியையோ துறை ஒருபோதும் மின்னஞ்சலில் கேட்பதில்லை.

கேள்வி: ஆய்வு மதிப்பீட்டில் என் வங்கி வரவுகள் சிலவற்றை வருமானமாகச் சேர்த்து 4,20,000 ரூபாய் கட்டச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. அவை நண்பரிடம் வாங்கித் திருப்பிய கைமாற்று. அவ்வளவு தொகை என்னிடம் இல்லை. மேல்முறையீடு செய்தால் முழுவதையும் கட்டிவிட்டுத்தான் செய்ய வேண்டுமாமே?
– சுயதொழில் செய்யும் வாசகர்

பதில்: அப்படி இல்லை. உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் படிவம் 35 மூலம் ஆணையர் (மேல்முறையீடு) முன்பு இணையவழியில் முறையிடலாம். மதிப்பிட்ட வருமானம் 2 லட்சத்துக்கு மேல் என்றால் கட்டணம் 1,000 ரூபாய். நீங்களே ரிட்டர்னில் ஒப்புக்கொண்ட வருமானத்துக்கான வரி கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. உத்தரவில் கூட்டப்பட்ட தொகைக்கு, முறையீடு முடியும்வரை வசூலை நிறுத்திவைக்கும்படி மதிப்பீட்டு அதிகாரியிடம் தனியாக மனு தர வேண்டும். பொதுவாக 20 சதவீதம், அதாவது 84,000 ரூபாய் கட்டினால் நிறுத்திவைக்கிறார்கள். 2017 ஜூலை 31 அன்று வாரியம் வகுத்த நடைமுறை இது. அதையும் ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால் 220(3) பிரிவின் கீழ் தவணை கேளுங்கள். இந்த மனுக்களை, கோரிக்கை நோட்டீசில் உள்ள 30 நாள் கெடுவுக்குள் கொடுங்கள். கெடுவுக்குப் பிறகு, கட்டாத தொகைக்கு மாதம் 1 சதவீத வட்டி ஏறும்; வென்றால், கட்டியதற்குத் துறை தரும் வட்டி மாதம் அரை சதவீதம் மட்டுமே.

கைமாற்று என்று சொன்னால் போதாது. பணம் தந்தவர் யார், அவருக்கு அதைத் தரும் வசதி இருந்ததா, பரிமாற்றம் உண்மையா என்ற மூன்றையும் நிறுவ வேண்டும். நண்பரிடமிருந்து பான் எண்ணுடன் ஓர் உறுதிக் கடிதம், அவருடைய ரிட்டர்ன் நகல், பணம் அவர் கணக்கிலிருந்து வந்து திரும்பிப் போனதைக் காட்டும் இருவர் வங்கி அறிக்கைகளின் பக்கங்கள் ஆகியவற்றை வாங்குங்கள். ரொக்கமாக வாங்கியிருந்தால் நிலைமை கடினம். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதற்குத் தனியே தடையும் அபராதமும் உண்டு. அப்படியானால் முறையீட்டை எழுதும் முன்பே ஒரு வழக்கறிஞரிடமோ ஆடிட்டரிடமோ உண்மையை முழுவதுமாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு ஜூலையில் ரிட்டர்ன் போட்டேன். ரீஃபண்ட் இன்னும் வரவில்லை. பார்த்தால், சரிபார்ப்பு நிலுவையில் இருக்கிறது என்கிறது.
– வங்கி ஊழியர்

பதில்: தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலமோ வேறு வழியிலோ சரிபார்க்காத ரிட்டர்ன், தாக்கல் செய்யாததற்குச் சமம். தாமதமாகத் தாக்கல் செய்வதற்கான 2025 டிசம்பர் 31 கெடுவும் கடந்துவிட்டது. இணையதளத்தில், சரிபார்ப்புத் தாமதத்தை மன்னிக்கக் கோரும் பகுதி இருக்கிறது. காரணத்தை உள்ளது உள்ளபடி எழுதி, இன்றே விண்ணப்பியுங்கள். கோரிக்கை ஏற்கப்பட்டால் ரிட்டர்ன் உயிர்பெற்று, ரீஃபண்ட் நடைமுறைக்குப் போகும். வங்கிக் கணக்கு முன்சரிபார்ப்புச் செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்ட பிறகும் உங்கள் கணக்குக்கு வந்து சேராது.